இரண்டு கள்ளிகள்

புகுந்த வீட்டிலிருந்து தன்னை அழைத்துப்போக வந்த அண்ணனை வேலியோரம் இழுத்துப்போனாள் பூரணம். செடிகளை வகைபிரிப்பது அவள் வேலை. சதுரக்கள்ளியைக் கீறினாள், பால் வடிந்தது. சப்பாத்திக்கள்ளியைக் கீறினாள், வழவழவென்று நீர்.

"ரெண்டும் வேற வம்சம்ணே. பால்கள்ளிக்குச் சொந்தம் அந்தா நிக்கிற ஆமணக்கு. வேற வேற சீமையில வறட்சியைத் தாங்கித் தாங்கி இந்தக் கள்ளி ரெண்டும் ஒண்ணுபோல ஆயிடுச்சு."

"கள்ளிக்கதை போதும். மாப்பிள்ளையே செத்துப்போயிட்டாரு. இனி அந்தக் கிழவி உனக்கு என்ன சொந்தம்? பெட்டியக் கட்டு."

மாமியார் மோர் கொண்டுவந்தாள். உப்புக் கலக்கச் செம்பை இருமுறை சுழற்றி நீட்டினாள். பூரணமும் வாங்கி, இருமுறை சுழற்றிவிட்டுத்தான் அண்ணனிடம் கொடுத்தாள்.

காரிலிருந்து டிரைவர் கேட்டார்: "பொண்ணு மட்டும்தானா சார், அவங்களைப் பெத்த அம்மாவும் வர்றாங்களா?"

அண்ணன் செம்பை உதட்டருகே நிறுத்தி, இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.