நிறுவனரின் பற்கள்

அன்று கடையில் இருந்தவர்கள் மூவர்: பல்பொடி முதலாளி வைத்தியலிங்கம், மருமகள் மங்கை, உண்மைக் களஞ்சியத்துக்குத் தகவல் சேர்க்க வந்த பெனாசிர். கண்ணால் கண்டவர்கள் சொல்லி அந்தக் களஞ்சியத்தில் பதிந்ததை வைத்துத்தான் இப்போதெல்லாம் இயந்திரம் விளம்பரம் எழுதும்.

"இந்தக் கடையத் தொடங்கின உங்கப்பாவுக்குத் தொண்ணூறு வயசுலயும் ஒரு பல்லுகூட விழலையாமே. நீங்க பாத்தீங்களா ஐயா?" என்றாள் பெனாசிர்.

"ஆமான்னு சொல்லுங்க மாமா. அறுபது வருஷமா டப்பாவுலயே போட்டிருக்கோம்" என்றாள் மங்கை.

டப்பாவின் மேல் இருந்த படத்தில் அப்பா பல் தெரியச் சிரித்தார். ஆமென்றால் அவர் பெயர் நிற்கும். தன் வாக்கு விழும். வைத்தியலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க குடும்பத்துல பொய்ச்சாட்சி கிடையாது. அப்பாவுக்கு அம்பதுலயே கட்டுப்பல்லு. அதையும் நம்ம பொடியிலதான் தேய்ப்பார். பதிஞ்சுக்கம்மா. இத வச்சு உன் மிஷின் என்னதான் எழுதுதுன்னு பாப்போம்."

மறுநாள் விளம்பரம் வந்தது: 'எங்கள் நிறுவனர் தம் கட்டுப்பல்லையும் இதில்தான் துலக்கினார்.'

இயந்திரம் துருவிக் கண்டுபிடித்துவிட்டதாக ஊரில் பேச்சு. அது கண்டுபிடிக்கவில்லை. வைத்தியலிங்கம்தான் சொன்னார்.