ரோபோ பேசாத வார்த்தை

"ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" அறைக்குள்ளிருந்து நஞ்சுண்டனின் குரல் கேட்டது.

"ஆச்சு கண்ணு, நீ போயி வேலையப் பாரு" என்றாள் பார்வையிழந்த அவன் தாய் கருப்பாத்தாள், கூடத்து நாற்காலியில் இருந்தபடியே.

எதிரே உட்கார்ந்திருந்த டைரக்டர் வம்சி காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பின்னே, போன வருஷம் நஞ்சுண்டனின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவனாயிற்றே!

செல்போனும் கையுமாக அறையிலிருந்து வந்த நஞ்சுண்டனின் மனைவி புவனா, வம்சியைச் சைகை காட்டி வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அத்தைக்கு இன்னும் தெரியாதுங்க தம்பி. அவரு சென்னையில தவறினப்ப இவங்க ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூவுல இருந்தாங்க. சொன்னா உசிருக்கு ஆகாதுன்னாங்க. அப்புறம் சொல்ல எனக்கு வாயே வரலீங்க. உங்க அஞ்சு விண்வெளிப் படத்துலயும் ரோபோவுக்கு அவரு பேசுனதை வெட்டியெடுத்துத்தான் போட்டுக் காட்டறேன்."

பாவி மகள், புருஷனுக்காக இந்த வீட்டில் ஒருநாள்கூட வாய்விட்டு அழுததில்லை. மாமியார் காதில் விழுந்துவிடுமே!

மதில்மேல் காக்கைகள் கொள்ளுப் பருப்புச் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. "செத்துப்போன மாமனாருக்குன்னு அத்தை தெனமும் வெக்கறாங்க. மாமனாரு கொள்ளுன்னா தொடவே மாட்டாரு, எம் புருஷனுக்குத்தான் அது உசிரு. அதுகூட மறந்துபோச்சு அவங்களுக்கு" என்ற புவனா, ஆவலோடு கேட்டாள். "ஆறாம் பாகம் எப்பங்க தம்பி? கம்ப்யூட்டர்ல அவரு குரலைச் செஞ்சு புதுசாப் பேச வெக்கறேன்னீங்களே. பழைய வசனமெல்லாம் தீந்துபோச்சுங்க."

வம்சி தலையைக் குனிந்துகொண்டான். "ஆறாம் பாகமே இல்லீங்கக்கா. கதையை முதல்லயிருந்து புதுசா எடுக்கறோம். பணம் போடறவங்களுக்குப் படம் நாடு முழுக்க ஓடோணுமாம். ரோபோவுக்கு நம்மூர்ப் பேச்சு வேண்டாம், வேற குரல் போடுன்னுட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

புவனாவுக்குப் புருஷனை இரண்டாம் தடவை பறிகொடுத்தது போலிருந்தது.

"படம் எப்படியோ போகட்டுமுங்க. ஒரே ஒரு வார்த்தை மட்டும் செஞ்சு குடுங்க தம்பி. 'அம்மா'ன்னு. ரோபோவுக்கு ஏதுங்க அம்மா? அஞ்சு படத்துலயும் தேடிப் பாத்துட்டேன், ஒரு எடத்துலகூட இல்லீங்க."

வம்சி அங்கேயே லேப்டாப்பைத் திறந்தான்.

சற்று நேரத்தில் புவனா செல்போனோடு அறைக்குள் போனாள். வம்சி கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"அம்மா!"

கருப்பாத்தாளின் முகம் கோணிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புவனா பதறிப்போய் அறை வாசலுக்கு ஓடிவருவதற்குள், கருப்பாத்தாள் வம்சியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"அச்சு அசலா அவன் குரலேதான் கண்ணு. அப்படியே, 'போதும் புவனா, வாய்விட்டு அழுதுபோடு'ன்னு அவளுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."