வேர்த்தால்தான் சுற்றும்

வேலூர் வெயிலில் குணசீலன் ஹாலில் மல்லாந்து கிடந்தான். அரசாங்கம் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு மாட்டிய புது ஃபேன், வீட்டு வேலை செய்து வேர்த்தவரைக் கண்டால்தான் சுற்றும். சும்மா கிடந்து வேர்த்தால் ஏறெடுத்தும் பார்க்காது.

"அரசி, கொஞ்சம் இப்படி வந்து உக்காரேன்" என்று மனைவியிடம் குழைந்தான். கல்யாணமானதிலிருந்து அவளை அவன் உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை.

தோசைக் கரண்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. அவன் சொக்கிப்போனான். அவள் வேர்வை அடங்கியதும் அது நின்றது.

"போச்சுடா! போய் இன்னும் நாலு தோசை ஊத்திட்டு வாயேன்."

அரசி கரண்டியை அவன் கையில் திணித்தாள். அவனைக் கிளப்பிவிட்டு அதே இடத்தில் காலை நீட்டிப் படுத்தாள்.

"நீங்க ஊத்திட்டு வாங்க. நல்லா வேர்க்கணும், எனக்குக் காத்து பத்தல."