சிட்டம் பிடித்தவள்

"மூணு நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று தியானம் தொடங்கும்போதே மடத்து மதர் சொல்லிவிட்டார்.

கவரைப்பேட்டைக் கோயிலுக்கு வந்திருந்த பெண்களால் அரை நாள்கூடத் தாங்க முடியவில்லை. கிணற்றடியில் கிசுகிசுத்தார்கள். கிரேஸும் சகாயமேரியும் மட்டும் மூச்சு விடவில்லை.

ஊட்டிக்கு மாற்றலாகிப் போகும் மதருக்காக கிரேஸ் லேஸ் சால்வை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த சகாயமேரியிடம் நூல் சிட்டத்தைப் பிடிக்கும்படி மதர் சைகை காட்டினார். அவள் இரு கைகளிலும் மாட்டிப் பிடிக்க, கிரேஸ் உருண்டையாகச் சுற்றினாள். அடுப்பு இல்லை, ரேஷன் கியூ இல்லை. இருவர் முகமும் தெளிந்திருந்தது.

கடைசி நாள் மணி அடித்ததும் கூடம் சந்தையாகிவிட்டது. கிரேஸ் மதருக்குச் சால்வையைப் போர்த்தினாள்.

"மௌனம்னா இவங்க மாதிரி இருக்கணும்!" என்று மதர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். "கிரேஸ், உனக்கு நூல் பிடிச்சாங்களே, எந்த ஊர்னு இப்பவாவது கேட்டியா?"

கிரேஸ் தலை குனிந்தாள். "ஆரம்பாக்கம், மதர்."

"அட, உன் ஊரா! எந்தத் தெரு?"

"எங்க ஊடுதான், மதர். என் ஓரகத்தி." கிரேஸ் சகாயமேரி பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நாலு வருசமா பேச்சில்ல. கருவாட்டுக் கொழம்புல யாரு உப்ப அள்ளிப் போட்டதுன்னு சண்டை."

கைதட்டல் நின்றது. சகாயமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"நாந்தான் போட்டேன்க்கா."