ஸ்டீரிங்குக்குக் கீழே

பானுபிரசாத் அழுதுகொண்டே அடித்தான். அடிவாங்குகிறவன் அழுவது வழக்கம். அடிக்கிறவன் இப்படித் தேம்பித் தேம்பி அழுததை விஜயவாடா ஆட்டோநகர் அன்றுதான் பார்த்தது. செத்தது அவனுடைய அக்கா பையன், பாவம், வேறென்ன செய்வான்.

அடிவாங்கியவன் மெக்கானிக் கோட்டேஸ்வர ராவ், எல்லோருக்கும் கோட்டி. அவனுடைய வலதுகை விரல்கள் வேலைமேசை வைஸின் இரும்புத் தாடைகளுக்குள் மாட்டியிருந்தன. பானு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் வைஸைத் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"பொறு," என்றார் அவன் அக்கா புருஷன் வீரராகவய்யா. ஊரில் பாதி லாரி அவருடையது. ஒரே மகன் அபிராமுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, பதினோராம் நாள் காரியமான பெத்த கர்மா முடியாததால் சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "அவன் வாயாலயே ஒத்துக்கட்டும். உயிரோட விடறதா வேணாமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

அபிராமின் கார் பக்கத்தில் அப்பளமாகக் கிடந்தது. பாலத்தில் போகும்போதே இன்ஜின் நின்று, ஸ்டீரிங் இறுகி, பிரேக்கும் பிடிக்காமல் நேராக ஒரு டிரெய்லருக்கு அடியில் போன வண்டி. போலீஸ் அதை அன்று காலையில்தான் திருப்பிக் கொடுத்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருந்ததை டிரைவர் ஏடுகொண்டலு பார்த்தான். "இது கோட்டி வேலைதான்" என்று முதலில் சொன்னவன் பானு.

"இதை வெச்சுத்தான் இன்ஜினை நிறுத்தியிருக்கான் பாவா. அந்த இரும்பு ராடைக் கொண்டாங்கடா."

"இது நிறுத்தாது அய்யா." கோட்டியின் வாயிலிருந்து ரத்தமும் பேச்சும் சேர்ந்து வந்தன. "கோளாறைப் படிக்கும், அழிக்கும், அவ்ளோதான். இன்ஜின்ல கோளாறுன்னா முன்னாடி மஞ்ச விளக்கு எரியும். சின்னவரு அதைப் பார்த்திருந்தா அன்னிக்கே என்கிட்ட வந்திருப்பாரு. அவரு பார்க்கறதுக்கு முன்னாடி யாரோ அணைச்சு விட்டிருக்காங்க."

"யாரோ இல்லடா, நீதான்." பானு அவன் வயிற்றில் ஓங்கி மிதித்தான்.

"நான் இந்த வண்டியக் கடைசியாத் தொட்டது சங்கராந்திக்கு. அழிச்சப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு வண்டியே சொல்லும். ஒரு பேட்டரிய மாட்டி, ஒரு போனை இதோட சேர்த்துப் பாருங்க அய்யா. நான் சொல்றது பொய்னா கழுத்தை இதுல வெச்சுத் திருகுங்க."

வீரராகவய்யா தலையசைத்தார். கோட்டியின் போன் முதல் அடியிலேயே சில்லுசில்லாகிவிட்டதால் ஏடுகொண்டலு தன்னுடையதை எடுத்தான். பேட்டரியை மாட்டியதும் பெட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது.

"என்னமோ நம்பர் கேக்குதே கோட்டி?"

"புதுசா சேர்ற போனை ஒரு தடவை கேக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு போடு."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. "பாருங்க பாவா, பாடம் ஒப்பிக்கற மாதிரி ஒப்பிக்கறான். வெச்சவனுக்குத்தானே நம்பர் தெரியும்?"

"கடையில விக்கிற எல்லாத்துக்கும் அதே நம்பர்தான் தம்பி," என்றான் கோட்டி. அதை யார் காதில் வாங்கினார்கள். வீரராகவய்யா எழுந்து ராடைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கோட்டிக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"பெட்டியோட சேர்ந்துடுச்சு, ஆனா படிக்கிற ஆப்பைப் போட எடமில்லைங்குது அய்யா," என்று தலையைச் சொறிந்தான் ஏடுகொண்டலு. "பேத்தி ஆடின வீடியோவா ரொம்பிக் கிடக்கு."

"பானு, உன்னுதைக் கொடு."

பானு யோசிக்கவே இல்லை. "இந்தாங்க பாவா. ஆனா இவன் சொல்ற ஆப்பெல்லாம் என்கிட்ட கிடையாது, நீங்களே பாருங்க."

அவன் சொன்னது நிஜம்தான். அந்த ஆப் அதில் இல்லை. ஏடுகொண்டலு தன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பானுவின் போனில் அதைப் புதிதாக ஏற்றினான். அதற்குள் பானு வைஸை இன்னொரு சுற்றுத் திருகினான். கோட்டி அலறக்கூடத் தெம்பில்லாமல் மயங்கி மேசைமேல் சரிந்தான்.

ஏடுகொண்டலு திரையில் பெட்டியின் பெயரைத் தொட்டான். நாலு எண்ணையும் அடிக்கக் கட்டைவிரலை நீட்டி வைத்திருந்தான். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

"அதுக்குள்ள சேர்ந்துடுச்சு அய்யா." கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். "அழிச்சப்புறம் ஓடினது ஒம்போது கிலோமீட்டர். நம்ம வீட்டு வாசல்லேர்ந்து பாலத்துக்கு அவ்ளோதான் தூரம். கோட்டி சொன்னது சரி. அன்னிக்குக் காலையில நம்ம வீட்டு வாசல்ல வெச்சுத்தான் எவனோ விளக்கை அணைச்சிருக்கான்."

பானு மேசையில் நெற்றியை மோதிக்கொண்டு அழுதான். "அய்யோ அபிராமு, வீட்டு வாசலுக்கே வந்துட்டானுங்களேடா. இவன் இல்லைன்னா வேற எவன்னு சொல்லுங்க பாவா. இழுத்துட்டு வந்து இதே எடத்துல தோலை உரிக்கிறேன்."

வீரராகவய்யா ஏடுகொண்டலுவின் நீட்டிய விரலை ஒரு தடவை பார்த்தார், பானுவின் போனை ஒரு தடவை பார்த்தார். பிறகு ராடை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைத்துனனிடம் வந்தார்.

"உன் போனை மட்டும் ஏன்டா அது நம்பர் கேக்கல?"