சாப்டியா கண்ணு

மகள் இனியா கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதும், தினமும் அவளோடு போனில் பேசும் வேலையை, தன் குரலிலேயே பேசும் இயந்திரத்திடம் ஷர்மிளா விட்டுவிட்டாள். பிள்ளை வளர்த்த அலுப்பு அவளுக்கு இன்னும் தீரவில்லை. மகளின் கட்டிலை அகற்றிவிட்டு, அந்த அறையில் டிரம்ஸ் பழகினாள்.

இன்று இனியா பெட்டிகளோடு வாசலில் நின்றாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?" என்றாள் ஷர்மிளா.

"அவரோட இனி முடியாதுன்னு போன வாரமே சொன்னேனேம்மா. நீதான அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்துருன்ன."

இனியாவின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் எடுத்தாள்.

"வீடு போய்ச் சேந்துட்டியா கண்ணு? சாப்டியா?"

ஷர்மிளாவின் குரல்தான். அலுப்பு மட்டும் அதில் இல்லை.

இனியா எதிரே நின்றவளைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் இல்லம்மா" என்று போனில் சொல்லியபடியே டிரம்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.