கேசட்டில் வந்த பக்குவம்

துபாயிலிருந்து கணவன் அஸ்லாம் பேசி அனுப்பிய கேசட்டை இர்பானா மறுபடியும் ரீவைண்ட் செய்தாள்.

"மைதா மாவைத் தேய்ச்சு, மீனை உள்ள வச்சு மூடு. ஓவன் இல்லாட்டி சட்டியில தம் போடு. உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசிச்சு, சூடா வை."

"அதான் ஆக்கிட்டியே, இன்னும் என்னத்தடி கேக்குறே?" என்றாள் மாமியார் ஜைனம்பு.

"ஒரு எடம் வெளங்கல மாமி."

"உப்பா, மசாலாவா?"

இர்பானா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அஸ்லாமின் குரலுக்குப் பின்னால் ஒரு மழலைக் குரல் தன் தகப்பனைக் கூப்பிட்டது: "அத்தா, எனக்கும் மீனு!"

ஜைனம்பு எழுந்து டேப்பை நிறுத்தினாள். முகத்தில் திகைப்பே இல்லை.

"அந்தப் புள்ளைக்கு இப்ப மூணு வயசு. உனக்குத்தான் ஆறு வருசமா ஒண்ணும் பொறக்கலையே" என்றாள். "கிழங்கு ஆறிடப் போவுது, எடுத்து வை."